90 ரூபாய் சாமானும் 6,000 ரூபாய் பதிலும்



ஒரு பொருளை நமக்கு விற்கிற கம்பெனி, அது பழுதானால் மாற்ற வேண்டிய உதிரிபாகத்தையும் நமக்கு விற்க வேண்டும். எத்தனை வருஷம் விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்பதைப் பொருளை வாங்கும்போதே சொல்லிவிடவும் வேண்டும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம், பேரப்பிள்ளைகள் வைத்து விளையாடும் வீடியோ கேம் கன்ட்ரோலர். "வயசான காலத்தில் இவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள். நம் தலைமுறைக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சாமான்தான் அதற்குள்ளே இருக்கிறது.

கன்ட்ரோலர் என்பது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் கருவி. இரண்டு கட்டைவிரலுக்கும் ஆளுக்கொன்றாகக் காளான் மாதிரி ஒரு ஸ்டிக் இருக்கும். அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, டி.வி. திரையில் இருக்கும் ஆள் அந்தப் பக்கம் நடப்பான். போன கோடை விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தபோது, ஸ்டிக்கை யாரும் தொடாமலேயே அவனுடைய ஆள் இடப்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தான். இந்தக் கோளாறுக்கு 'ட்ரிஃப்ட்' என்று பெயராம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் புலம்பும் கோளாறு. கருவி வாங்கி ஒன்றரை வருஷம், வாரன்டி முடிந்துவிட்டது.

வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். நான்கு திருகைக் கழற்றி மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை எனக்குக் காட்டினான். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நம் பழைய ரேடியோவில் வால்யூம் கன்ட்ரோல் இருக்குமே, அதேதான். கரி பூசிய ஒரு தடம், அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு உலோக நாக்கு. ரேடியோவில் அது ஒன்று. இங்கே ஸ்டிக் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஒன்று மேல் கீழாக, இன்னொன்று இட வலமாக. நாக்கு உரசி உரசிக் கரித்தடம் தேய்ந்தால், நடு இடம் எது என்பது கருவிக்குத் தெரியாமல் போகிறது. ரேடியோவில் 'கரகர' என்று சத்தம் வந்த அதே வியாதி, இங்கே ஆளை நகர்த்துகிறது.

"இந்த மாட்யூலை மாத்துனா சரியாயிருங்க சார். சால்டரிங் வேலைதான், பதினாலு கால் எடுக்கணும், அரை மணி நேரம். ஆனா சாமான் மேல கெடைக்காதுங்க" என்றான். 'மேலே' என்றால் வால்பாறை. 'கீழே' என்றால் பொள்ளாச்சியும் அதற்கு அப்பால் உள்ள உலகமும். 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். உதிரிபாகம் தனியாக விற்பதில்லை, வாரன்டி முடிந்த கன்ட்ரோலரைத் திறந்து பார்ப்பதும் இல்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே பதில். புதிதின் விலை 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

பொள்ளாச்சியில் இரண்டு கடை. இல்லை. கோவை காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர், "இருக்குங்கய்யா, வாங்க" என்றார். போய்ப் பார்த்தால், கல்லூரிப் பிள்ளைகள் ரோபோ செய்து பழகுகிற பெரிய ஸ்டிக். கடைசியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து தேடிப் பிடித்தார். ஒன்று 90 ரூபாய். கூரியர்காரர்கள் 642127 என்ற பின்கோடைக் கேட்டதும் கையை விரித்ததால், அது ஸ்பீட் போஸ்ட்டில் வந்து சேர்ந்தது. அஞ்சல் துறையில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். தம்பி வேலையை முடித்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டான். கன்ட்ரோலர் இன்றும் ஓடுகிறது.

ஆக, 90 ரூபாய் சாமானைத் தேட ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் அந்தச் சாமான் உலகத்தில் இல்லாமல் இருந்ததா? தயாரிக்கிறவர் ஒரு ஜப்பான் கம்பெனி. பேர் பெற்ற பல கேம் கம்பெனிகளின் கருவிக்குள்ளும் ஏறக்குறைய இதே அமைப்புதான். லட்சக்கணக்கில் தயாராகிற சாமான், பழுது பார்க்கிறவன் கைக்கு மட்டும் நேர்வழியில் வருவதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவதில் எது அசல், எது நகல், எது செத்த கருவியிலிருந்து பிடுங்கியது என்று விற்பவருக்கே தெரியாது.

நாங்கள் பார்த்த காலம் வேறு. எழுபதுகளின் கடைசியில் நான் இந்த மலைக்கு மாற்றலாகி வந்தபோது, ரேடியோ வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் தபாலாபீசுக்கு வந்து லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது எடுக்கப்பட்டது. எந்த லயத்தில் எத்தனை ரேடியோ என்று எங்கள் கவுன்டருக்குத் தெரியும். இலங்கை வானொலி கேட்காத வீடு குறைவு. ரேடியோ படுத்துவிட்டால் மெக்கானிக் ஒரு காகிதத்தில் 'ஏசி 128' என்று எழுதிக் கீழே அனுப்புவார். அது டிரான்ஸிஸ்டரின் எண். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தாலும் வெளிநாட்டுக் கம்பெனி செய்தாலும் எண் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். கோவையிலிருந்து வி.பி.பி. பார்சலில் வரும், பணம் கட்டி வாங்கிப் போவார். பெரிய செட்டுகளில் சர்க்யூட் படத்தையே உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். ரேடியோ செய்தவனுக்கு அதனால் நஷ்டம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொங்கு நாட்டுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். இங்கே கிணற்று மோட்டார் புகைந்தால் தூக்கிப் போடுகிறோமா? காயில் கட்டி ஓட்டுகிறோம். ஜி.டி. நாயுடு தம் வாழ்க்கையைத் தொடங்கியதே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டித்தான். அப்படிக் கழற்றிப் பார்த்தவர், பிற்பாடு 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று சொல்கிற அளவுக்கு வந்தார். கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டி, உள்ளே இருக்கும் சாமானை வெளியே விற்காமல் வைத்திருந்தால், அடுத்த நாயுடு எதைக் கழற்றிப் படிப்பார்?

இனி சட்டத்துக்கு வருகிறேன். குமாஸ்தா புத்தி, விதியைப் பார்க்காமல் விடாது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ஒரு இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். நல்ல ஆரம்பம். ஆனால் உதிரிபாகத்தை விற்றே ஆக வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் அதனால் வந்துவிடவில்லை. 2025 மே மாதம் இன்னொரு குழு, எந்தப் பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் முறை பற்றி அறிக்கை கொடுத்தது. முதலில் ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும்தான் அதில் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் பொம்மை, பொழுதுபோக்கு, விளையாட்டுச் சாதனங்கள் என்று ஒரு பிரிவே இருக்கிறது. வீடியோ கேம் கருவிகள் அதில் வருகின்றன. அதாவது, கருவி செத்த பிறகு அதன் கழிவுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. உயிரோடு இருக்கும்போது வைத்தியத்துக்கு 90 ரூபாய் மருந்து கொடுக்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை. 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது கால் பங்குக்கும் குறைவு.

உதிரிபாகத்தை வெளியே விற்கச் சொல்வது நம் நாட்டுக்குப் புதிய யோசனையும் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல், தங்கள் சொந்த ஒர்க்‌ஷாப்புக்கே வாடிக்கையாளரை வரவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன, அது தனிக் கதை. காருக்கு ஒத்துக்கொண்ட நியாயம் கன்ட்ரோலருக்கு ஏன் பொருந்தாது?

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் இன்றும் பிரெஞ்சுச் செய்திகளை மேய்வதுண்டு. உதிரிபாகத்துக்கு அவர்கள் மொழியில் 'பியெஸ் தெத்தாஷே' என்று பெயர். 'கழற்றி எடுத்த துண்டு' என்று அர்த்தம். கழற்ற முடிந்தால்தானே அது உதிரிபாகம்!

பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல் ஸ்மார்ட்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின், புல் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்குக் கடையில் விலைக்குப் பக்கத்திலேயே பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி வந்தது. பழுது பார்க்கும் விவரக் குறிப்பு கிடைக்கிறதா, கழற்றுவது சுலபமா, உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், பொருளின் விலையோடு ஒப்பிட்டால் உதிரிபாகத்தின் விலை என்ன என்றெல்லாம் பார்த்துப் போட்டார்கள். 2022 டிசம்பரிலிருந்து, அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கிடம் பழுது பார்த்தால் பில்லிலேயே ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே சீக்கிரம் கெட்டுப்போகும்படி பொருள் செய்வது 2015-லிருந்து அங்கே குற்றம்.

நம் கன்ட்ரோலர் வியாதிக்கும் அங்கே வழக்கு நடந்திருக்கிறது. நின்டெண்டோ கம்பெனியின் ஜாய்கான் கன்ட்ரோலரில் இதே ட்ரிஃப்ட் பற்றி 'க ஷ்வாசிர்' என்ற பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் 2020-ல் புகார் கொடுத்தது. அடுத்து ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு சுமார் 25,000 பேரின் முறையீட்டைச் சேர்த்து ஐரோப்பிய ஆணையத்திடம் கொண்டுபோனது. 2023 ஏப்ரலில், வாரன்டி முடிந்திருந்தாலும் அந்தக் கோளாறை ஐரோப்பாவில் இலவசமாகச் சரிசெய்து தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் சேர்ந்து கேட்டதால் வந்தது.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா, மினசோட்டா மாநிலங்களில் பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் வந்தபோது வீடியோ கேம் கருவிகளைப் பெயர் சொல்லி விலக்கிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த உத்தரவின் பட்டியலிலும் அவை இல்லை. விளையாட்டுச் சாமான் என்றால் எல்லா ஊரிலும் இளப்பம்தான்.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களையும் பார்க்க வேண்டும். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, தெரியாதவர்கள் திறந்தால் ஆபத்து என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதே பேட்டரி உள்ள செல்போனை ஊருக்கு ஊர் தம்பிகள் தினமும் திறந்து மூடுகிறார்கள். ஆபத்தைக் குறைக்க வேண்டுமானால் நல்ல பாகத்தையும் சரியான விவரக் குறிப்பையும் கொடுப்பதே வழி. போலி பாகம் போடுவார்கள் என்கிறார்கள். அசல் கிடைக்காத இடத்தில்தான் போலி விற்கும். தொழில் ரகசியம் போய்விடும் என்கிறார்கள். ஸ்டிக்கின் அளவையும் கால் எண்ணிக்கையையும் சொன்னால் போகிற ரகசியம் என்ன? சில மாடல்களில் ஸ்டிக்கை மாற்றிய பிறகு நடு இடத்தைச் சரிபார்க்கும் மென்பொருளையும் கம்பெனி தருவதில்லை. எங்கோ இருக்கும் ஆர்வலர்கள் தாமே எழுதி இலவசமாகப் போட்டிருப்பதை வைத்துத்தான் நம் தம்பி வேலையை முடித்தான்.

இன்னொன்று. தேயாத ஸ்டிக் செய்ய முடியாதா என்றால், முடியும். காந்தத்தை வைத்து, எதுவும் எதோடும் உரசாமல் நகர்வை அறிகிற முறை இருக்கிறது. எட்வின் ஹால் என்பவர் 1879-லேயே கண்டறிந்த விளைவு அது. மின்சார ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டரில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதில் செய்த கன்ட்ரோலர் ஸ்டிக்கும் இப்போது தனியாக விற்பனைக்கு வருகிறது. விலை சில நூறு ரூபாய் கூடுதல், அவ்வளவே.

எனக்கு இதில் உறுத்துவது பேரனின் விளையாட்டு மட்டும் இல்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் காது கேட்கும் கருவிக்கு ஒரு சின்ன மூடி உடைந்தது. அந்த மாடல் நின்றுவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். விலை அவருடைய மூன்று மாதப் பென்ஷன். இப்போது மகன் போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். கன்ட்ரோலருக்கு என்ன நியாயமோ அதேதான் காதுக் கருவிக்கும், பி.பி. பார்க்கும் மெஷினுக்கும், இன்வெர்ட்டருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி எல்லாமே படுத்துக்கொள்ளும் ஊர் நம்முடையது.

அந்தத் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001 கணக்கெடுப்பில் வால்பாறையின் மக்கள்தொகை 90,000-க்கு மேல். 2011-ல் 70,000 சொச்சம். எஸ்டேட் வேலையை விட்டுக் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். தேயிலை பறிக்காமல், கைத்தொழிலை நம்பி மேலேயே இருக்கிற சில பிள்ளைகளில் அவன் ஒருவன். "வேலை வருதுங்க சார். சாமான் வர மாட்டேங்குது. பாதிப் பேரைத் திருப்பி அனுப்பறேன். வர்ற தையில கடையக் காலி பண்ணலாம்னு வீட்ல சொல்றாங்க" என்றான். திறமைக்குக் குறைவில்லாதவன் உதிரிபாகம் இல்லாததால் ஊரை விட்டுப் போக வேண்டுமா?

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, நாட்டில் விற்கும் ஒவ்வொரு மின்னணுப் பொருளுக்கும், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் இத்தனை வருஷம் உதிரிபாகம் கிடைக்கும் என்று எழுத்தில் தர வேண்டும். அதை யார் கேட்டாலும், எந்தப் பின்கோடுக்கும், போட்ட விலைக்கு அனுப்ப வேண்டும். மலைக்கு வர கூரியர் இல்லையென்றால் தபால் துறை இருக்கிறது. இரண்டு, ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டுவது போல, பழுது பார்க்கும் மதிப்பெண்ணைப் பெட்டி மேலேயே ஒட்ட வேண்டும். மூன்று, விளையாட்டுக் கருவி என்று எதையும் இந்தப் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது.

மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல. இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி நுகர்வோர் விவகாரத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்களும் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் இருப்பவர்கள் அதில் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை கடைக்குப் போய் எதை வாங்கினாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால் "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமாங்க? எத்தனை வருஷத்துக்கு?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார்.

பழுதான சாமானைத் தூக்கிப் போடுமுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.